எழுதாத கணக்கு

நம் தமிழ் மன்றச் செயலாளர் சென்ற வாரம் விடுதி உணவுக் கூடத்தில் என்னைப் பிடித்துக் கொண்டார். "ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். நீங்கள் பாரிஸ் போன கதையை எழுதுங்கள்" என்றார். நான் பாரிஸ் போகவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று சிறிது நேரம் விழித்தேன். எங்கள் குழுவில் பதினொரு பேர். விமானச் சீட்டுக்குப் பணம் தேறியதோ இரண்டு பேருக்கு. அவர்கள் பாரிஸ் மண்டபத்தில் நின்று பேசிய வேளையில் நான் இங்கே நம் விடுதியில் ரொட்டியும் உருளைக் கிழங்கும் தின்று கொண்டிருந்தேன்.

"அப்படியானால் குழுவில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டார் செயலாளர்.

"கணக்கு எழுதினேன்" என்றேன்.

"சரி, அதையே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லி விட்டுத் தயிர் வாங்கப் போய் விட்டார். ஆகவே, நண்பர்களே, இது கணக்கெழுதிய கதை. நான் சரியாக எழுதிய கணக்கைக் காட்டிலும் எழுதத் தவறிய கணக்கைப் பற்றியே இதில் மிகுதியாக வரும்.

முதலில் போட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். செயற்கை உயிரியல் என்ற விஞ்ஞானத் துறையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிரணுவுக்குள் இருக்கும் டி. என். ஏ.யைத் துண்டு துண்டாக எடுத்து, எந்திர உறுப்புக்களைப் போல இணைத்து, அந்த உயிரணுவைப் புதிய வேலை ஒன்றைச் செய்ய வைப்பது அத்துறையின் நோக்கம். இதில் மாணவர்களுக்கென்று நடக்கும் உலகப் போட்டிக்கு ஐஜெம் என்று பெயர். 2003-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கியது. மறு ஆண்டு ஐந்து குழுக்கள் கலந்து கொண்ட போட்டியாயிற்று. 2012-இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2019 வரை பாஸ்டன் நகரத்தில் கூடியவர்கள், கொரோனாக் காலத்தில் இரண்டு ஆண்டு இணைய வழியாகவே கூடி, 2022 முதல் பாரிஸில் கூடுகிறார்கள். 2024-இல் 400-க்கு மேற்பட்ட குழுக்கள் கலந்து கொண்டன. அவற்றில் எங்கள் குழுவும் ஒன்று.

இந்தப் போட்டியில் ஒரு வினோதம் உண்டு. சோதனைச் சாலையில் பாடுபட்டு ஓர் அதிசயத்தைச் செய்து விட்டால் மட்டும் போதாது. செய்ததை எழுதிக் காட்ட வேண்டும். குழுவுக்கென்று விக்கி என்னும் வலைப்பக்கத் தொகுதி உண்டு; திட்டம், சோதனைக் குறிப்பு, முடிவு அனைத்தும் அதில் ஏற வேண்டும். படங்களைக்கூட வேறிடத்தில் வைத்து இணைக்கக் கூடாது; போட்டியின் சொந்த இடத்திலேயே வைக்க வேண்டும். நாங்கள் மறைந்து போனாலும் பக்கம் மறையக் கூடாது என்பது இதன் பொருள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், எங்கள் பெயரைச் சொன்னால் போதும் என்ற பொது உரிமத்துக்கும் உடன்பட வேண்டும். இன்ன வேலையைச் செய்தவர் இன்னார் என்று காட்டும் படிவம் ஒன்று. பாதுகாப்புப் படிவம் ஒன்று. நடுவர்களுக்கான படிவம் வேறொன்று. வெண்கலப் பதக்கத்துக்கே இவற்றில் பல இல்லாமல் முடியாது. கடைசியாக, அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், ஒரு குறித்த நிமிஷத்தில், விக்கி உறைந்து விடும். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

இந்த எழுத்து வேலையை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்த போது மற்ற பத்துப் பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எங்கள் குழுத் தலைவி வங்காளத்துப் பெண், கெட்டிக்காரி. "உன் அப்பா கடைக் கணக்கு எழுதுகிறவர்தானே? உனக்கு இது இரத்தத்திலேயே இருக்கும்" என்று சொல்லி என் தலையில் கட்டி விட்டாள். என் தந்தையார் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கர் என்பது உண்மைதான். அன்றன்று நடந்ததை அன்றன்றே சிட்டையில் பதிந்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவது அவர் வழக்கம். இரவு எத்தனை மணியானாலும் சிட்டையை முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். "எழுதின விதி அழுதால் தீராது என்பார்கள். எழுதாத கணக்கும் அழுதால் தீராதடா" என்பது அவர் வாக்கு. ஆனால் கணக்குத் திறமை இரத்தத்தில் வருவதில்லை என்பதை நான் சீக்கிரமே நிரூபித்தேன்.

எங்கள் திட்டம் நம் பல்கலைக் கழகத்தைச் சூழ்ந்த கங்கைச் சமவெளியின் துயரத்தைப் பற்றியது. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் கலந்திருக்கிறது. யாரும் கொண்டு வந்து கொட்டியதல்ல. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலிலேயே இருப்பது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. பல ஆண்டு குடித்த பிறகே தோலில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் எழும், உள்ளங்கை தடிக்கும், சிலருக்குப் புற்று நோயில் போய் முடியும். மேற்கு வங்கத்தில் 1983-இல் முதன் முதலாக இந்நோயாளிகள் அடையாளம் காணப்பட்டனர். ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் உடலில், உள்ளே புகுந்த ஆர்ஸெனிக்கை வெளியேற்ற இயற்கையாகவே ஓர் ஏற்பாடு உண்டு. ஆர்ஸெனிக் இல்லாத வேளையில் ஒரு புரதம் காவற்காரனைப் போல டி. என். ஏ.யின் வாயிலில் உட்கார்ந்து கதவை அடைத்திருக்கும். ஆர்ஸெனிக் வந்ததும் காவற்காரன் அதைப் பற்றிக் கொண்டு கதவைக் கைவிட்டு விடுவான். அந்தக் கதவுக்குப் பின்னால், கடலில் வாழும் ஜெல்லி மீனிடமிருந்து எடுத்த பச்சை ஒளிப் புரதத்தின் மரபணுவை வைத்து விட்டால், ஆர்ஸெனிக் பட்ட பாக்டீரியா பச்சையாக ஒளிரும் அல்லவா? அவ்வளவுதான் எங்கள் யுக்தி.

இது எங்கள் சொந்த யுக்தியும் அல்ல. 2006-ஆம் ஆண்டுப் போட்டியில் எடின்பரோ பல்கலைக் கழக மாணவர்கள் இதே கதவைக் கொண்டு, நிற மாற்றத்தால் ஆர்ஸெனிக்கைக் காட்டும் பாக்டீரியாவைச் செய்தார்கள். அவர்கள் எழுதி வைத்த பக்கங்களைப் படித்துத்தான் நாங்கள் தொடங்கினோம். நான் மழலையர் பள்ளிக்குக்கூடப் போகாத காலத்தில் முகமறியாத மாணவர்கள் எழுதியவை அவை. எங்களுக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தின. அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. படிக்கிறவனுக்கு எழுதியவன் பட்ட பாடு தெரிவதில்லை.

வேலை மும்முரமான ஜூலை மாதத்தில் என் குறிப்பேடு மெலிந்து கொண்டே வந்தது. "நாளை எழுதலாம்" என்று விட்ட நாட்கள் ஒரு வாரமாகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஞாபகத்திலிருந்து எழுதி, தலைப்பில் தனித் தனித் தேதியும் போட்டு விடுவேன். அறுபது நிமிஷம் வைத்ததா, நாற்பத்தைந்தா என்று சந்தேகம் வந்தால், புத்தகத்தில் எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதையே எழுதி விடுவேன். இது பொய் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்து அழகாயிருந்தது.

எங்கள் சோதனைச் சாலையில் உதவியாளர் ஒருவர் உண்டு. முப்பது ஆண்டு அனுபவம். பாக்டீரியாவுக்கு உணவு காய்ச்சுவது, கண்ணாடிச் சாமான்களை நீராவியில் சுத்தி செய்வது எல்லாம் அவர் கை வேலை. எல்லாரும் அவரை 'சாச்சா' என்றே அழைப்போம். நான் முதன் முதல் ஒரு குப்பியின் மூடியில் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதிய போது அவர் பார்த்தார். "பேட்டா, மூடியில் எழுதாதே, குப்பியின் உடம்பில் எழுது. மூடி ஊர் சுற்றும், உடம்பு சுற்றாது" என்றார் இந்தியில். நான் சிரித்து விட்டு மூடியிலேயே எழுதினேன். மூடி தட்டையாயிருக்கிறது, எழுதச் சுலபம்.

ஆகஸ்டில் பாக்டீரியா நன்றாக ஒளிரத் தொடங்கியது. நாங்களே ஆர்ஸெனிக் கலந்து தயாரித்த அளவு நீர்களில் 10 மைக்ரோ கிராமையும் 50-ஐயும் பிரித்துக் காட்டியது. உண்மையான கிணற்று நீரில் பார்க்க வேண்டுமே! பாக்டீரியாவைக் கிராமத்துக்கு எடுத்துப் போக முடியாது. மரபு மாற்றிய உயிர் எதுவும் சோதனைச் சாலையை விட்டு வெளியேறக் கூடாது என்பது போட்டியின் கண்டிப்பான விதி. நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரியின் உயிர்ப் பாதுகாப்புக் குழு உண்டு. அதன் அனுமதி எங்களுக்குச் சோதனைச் சாலைக்குள் மட்டுமே. ஆகவே தண்ணீரைத்தான் இங்கே கொண்டு வர வேண்டும்.

ஏழு அடிகுழாய்கள், ஏழு புட்டிகள். மூன்றாவது குழாய் ஒரு பாட்டியம்மாளின் முற்றத்தில் இருந்தது. நாங்கள் நீர் பிடித்து முடிக்கும் வரை முக்காட்டைச் சரி செய்தபடி நின்றிருந்தாள். பிறகு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு வெல்லக் கட்டியும் கொடுத்தாள். வெயிலில் வந்தவனுக்கு வெறுந் தண்ணீர் கொடுக்கலாகாது என்பது இங்குள்ள மரியாதை. தம்ளரைக் கையில் வைத்துக் கொண்டு நான் தயங்கியதைப் பார்த்து விட்டாள். "குடிக்கலாமா, கூடாதா? தெரிந்தால் எனக்கும் சொல்லு, பேட்டா" என்றாள். நான் குடித்தேன். சொல்வதாக வாக்கும் கொடுத்தேன். ஐந்தாவது குழாய் ஆரம்பப் பள்ளியின் வாசலில். அங்கே பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒருவன் அடிக்க ஒருவன் கையேந்திக் குடித்துக் கொண்டிருந்தார்கள்.

எண்கள் ஏழையும் நான் மூடிகளில் எழுதியிருந்தேன்.

மறுநாள் சோதனை செய்தோம். மூன்றாம் எண் பளிச்சென்று ஒளிர்ந்தது, 50-க்கு மேல். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாட்டியம்மாள் நினைவு பிறகுதான் வந்தது. முடிவை உறுதி செய்ய அடுத்த நாள் அதே புட்டிகளிலிருந்து மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இம்முறை மூன்று இருண்டிருந்தது, ஐந்து ஒளிர்ந்தது.

பாக்டீரியா பொய் சொல்லவில்லை. மூடிகள் ஊர் சுற்றியிருந்தன. எப்போது? முதல் நாள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேனா, ஏழையும் ஒன்றாகத் திறந்து தட்டில் வைத்தேனா? ஏழையும் வடிகட்டுவதற்கு முன்பா மாறின, பின்பா? குறிப்பேட்டைத் திறந்தேன். 'ஏழு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஒன்று ஒளிர்ந்தது' என்று இரண்டே வரி. என் ஞாபகமோ, கேட்கக் கேட்க எனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லியது.

அன்று மாலை குழு கூடியது. ஒரு நண்பன் சொன்னான்: "முதல் நாள் முடிவையே வைத்துக் கொள்வோம். மூன்று என்று எழுது. இரண்டாம் நாள் நடந்ததைக் குறிப்பில் சேர்க்காதே. நடுவர்கள் என்ன, கிராமத்துக்கா போய்ப் பார்க்கப் போகிறார்கள்?" பதக்கத்துக்கு மட்டுமானால் அவன் யோசனை பலித்துத்தான் இருக்கும். ஒரு பக்கம் அழகாக அமையும். எழுதப் போகிற கையோ என்னுடையது. தேதியை மாற்றி எழுதி ஏற்கெனவே பழகிய கை. உள்ளபடி சொல்கிறேன், நான் ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போது சாச்சா கண்ணாடிச் சாமான்களை அடுக்கிக் கொண்டே, எங்களைப் பார்க்காமல் கேட்டார்: "ஐந்தாம் நம்பர் யார் வீட்டுக் குழாய்?"

"பள்ளிக்கூடம்" என்றேன். அதற்கு மேல் அந்த அறையில் விவாதம் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் தலைவியும் மறுபடி போனோம். இம்முறை ஒரு குழாய்க்கு மூன்று புட்டி. எண், இடம், நாள், மணி, பிடித்தவர் பெயர் எல்லாம் புட்டியின் உடம்பில். ஒவ்வொரு குழாயையும் எண்ணுள்ள புட்டியோடு சேர்த்துப் படமும் எடுத்தோம். சோதனையின் போது தலைவி எண்ணை உரக்கப் படிக்க, நான் அந்த நிமிஷமே எழுதினேன். ஒரு பங்கை வேதியியல் துறைக் கருவியில் அளக்கக் கொடுத்தோம். மாணவர் செய்த பாக்டீரியாவின் வாக்கை மட்டும் நம்பி ஒரு குடும்பத்திடம் பேசலாகாது அல்லவா?

ஒளிர்ந்தது ஐந்து. கருவியும் அதையே சொல்லியது: லிட்டருக்கு 68 மைக்ரோ கிராம். பாட்டியம்மாளின் குழாயில் 10-க்குக் கீழேதான். நண்பன் சொன்னபடி எழுதியிருந்தால், நல்ல தண்ணீரை அவள் விட்டிருப்பாள். பிள்ளைகள் நஞ்சைக் குடித்துக் கொண்டே இருந்திருப்பார்கள். எங்கள் பக்கமும் அழகாயிருந்திருக்கும்.

முடிவுகளை எழுதிப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் ஊர்த் தலைவரிடமும் கொடுத்தோம். வங்க தேசத்தில் நச்சுள்ள குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் பூசுவார்கள் என்று தலைவி சொன்னாள். தலைமை ஆசிரியர் அன்றே ஒரு பையனை அனுப்பிச் சிவப்புச் சாயம் வாங்கி வரச் செய்தார். பிள்ளைகள் இப்போது இருநூறு அடி தள்ளியுள்ள வேறு குழாய்க்குப் போகிறார்கள். பாட்டியம்மாளிடம் போய், "உங்கள் குழாய் இன்று நல்லது; ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக் கொள்ள வேண்டும்" என்று சொன்னேன். இன்னொரு வெல்லக் கட்டி கிடைத்தது.

பிறகு விக்கிக்கு உட்கார்ந்தேன். முதற் சோதனை செல்லாது, காரணம் இன்னது, தவறு குறிப்பெழுதியவனுடையது என்று ஒரு பக்கம் எழுதினேன். ஜூலை மாதத்து நாட்களில் எவை ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டவை என்பதையும் ஒவ்வொன்றாகக் குறித்தேன். விக்கி இருக்கும் கிட்லாப் என்னும் இடத்தில், பக்கத்தின் தலையில் நாம் எந்தத் தேதியைப் போட்டாலும், அதை ஏற்றிய நேரம் தனியே பதிந்து நிற்கும். அது நிற்பதும் நல்லதற்குத்தான். வெள்ளிப் பதக்கத்துக்கான வேலைத் திறப் பகுதியில் வகுத்தல், கட்டுதல், சோதித்தல், கற்றல் என்ற சுற்றைக் காட்டச் சொல்கிறார்கள். நாங்கள் காட்டியதில் கற்றல்தான் அதிகம் என்று தலைவி கேலி செய்தாள். ஆனால் ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

இன்னார் இன்ன வேலை செய்தார் என்ற படிவத்துக்கு வந்த போது, சாச்சாவின் பெயரைச் சேர்த்தேன். "அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் ஆயிற்றே" என்றான் ஒருவன். பேராசிரியரும் சம்பளம் வாங்குகிறவர்தானே என்றேன். நம் உ. வே. சாமிநாத ஐயர் அவர்கள் பழைய நூல்களைப் பதிப்பித்த போது, ஏடு கொடுத்து உதவியவர்களையெல்லாம் முகவுரையில் நன்றியோடு குறித்தார் என்பதை இம்மன்றத்தில்தான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஏடு வந்த வழி தெரிந்தால்தான் பாடத்தை எடை போட முடியும். எங்கள் வேலைக்கும் அது பொருந்தும். சாச்சாவிடம் பெயரின் எழுத்துக்களைச் சரி பார்க்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டு இரண்டு முறை படித்தார். "முப்பது வருஷத்தில் குப்பிகளில் எத்தனையோ பேர் பெயரை எழுதியிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பாரிஸ் சென்று வந்த இருவரும் சொன்ன செய்திகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. வேறொரு நாட்டுக் குழு மாணவி வந்து, எங்கள் செல்லாத சோதனைப் பக்கத்தைப் படித்ததாகவும், தங்கள் மூடிகளை உடனே போய்ப் பார்த்ததாகவும் சொன்னாளாம். தங்கப் பதக்கம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு அதனால் முழுதும் தீரவில்லை, ஓரளவு தீர்ந்தது.

இவ்வாண்டு இப்போட்டிக்கோ வேறு ஆராய்ச்சிக்கோ போகும் இளைய நண்பர்களுக்கு நான் சொல்லக் கூடியது அதிகமில்லை. எண்ணைப் புட்டியின் உடம்பில் எழுதுங்கள். செய்ததைச் செய்த அன்றே, சாப்பிடப் போகுமுன் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் அப்படியே சொல்லி எழுதுங்கள். உதவியவர் பெயரை அவரிடமே காட்டிச் சரி பாருங்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போன போது இவ்வளவையும் என் தந்தையாரிடம் சொன்னேன். பெட்டியடியில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். பதக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு வேறே குழாய் போட்டுக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, அப்பா. மனுக் கொடுத்திருக்கிறோம்" என்றேன்.

"அப்ப கணக்கு முடியலையே" என்று சொல்லி விட்டு, அன்றைய சிட்டையை இழுத்துப் போட்டுக் கொண்டார்.